குளக்கரையில் இரண்டாமவர்

கலிபோர்னியாக் கல்லூரிகளின் நீச்சல் குளங்களை அண்டி வாழும் மனிதர்களுள் வாட்டர் போலோ அணியின் துணைப் பயிற்சியாளர் தனித்து ஆராயத்தக்கவர். 1969-இல் தொடங்கிய அமெரிக்க தேசியக் கல்லூரிச் சாம்பியன் போட்டியின் ஆடவர் பட்டத்தை அம்மாநிலக் கல்லூரிகளைத் தவிர வேறெவையும் இதுவரை வென்றதில்லை என்பதால், இந்த இனம் அங்கேதான் செழித்திருக்கிறது.

வாட்டர் போலோ என்பது கோல்கீப்பர் உட்பட அணிக்கு எழுவர், தரையில் கால் ஊன்றாமல் மிதந்தபடியே, 8 நிமிடக் கால்பகுதிகள் நான்கு ஆடும் பந்தாட்டம். இரு கால்களையும் முட்டை அடிக்கும் கருவிபோல் மாறிமாறிச் சுழற்றி மிதக்கும் முறைக்கு எக்பீட்டர் என்று பெயர். துணைப் பயிற்சியாளர் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு முன்புவரை அதே குளத்தில் அவ்வாறு சுழற்றிக்கொண்டிருந்து, பட்டம் வாங்கிய பின்னும் கரையை விட்டுப் போக மனம் வராதவர். தோள்பட்டை வலிக்கிறது என்று எந்த மாணவன் முறையிட்டாலும் தம் தோள்பட்டையின் முழு வரலாற்றையும் எடுத்துரைக்கத் தொடங்கிவிடுவார். அதைக் கேட்பதைவிட வலியைப் பொறுப்பதே மேல் என்று மாணவன் தண்ணீரில் குதித்துவிடுவதால், இதனை ஒரு சிகிச்சை முறையாகவும் கொள்ளலாம்.

ஆடவர் போட்டிகள் இலையுதிர் காலத்திலும் மகளிர் போட்டிகள் வசந்தத்திலும் நடப்பதால், இரண்டு அணிகளுக்கும் ஒருவரே துணை என்றால் அவர் தலைமுடி உலரக் கோடை ஒன்றுதான் மிச்சம். அப்போதும் சிறுவர் கிளப்புக்குப் பயிற்சி தரப் போய்விடுகிறார்.

ஆட்டத்தின்போது கரையில் நடந்து முழங்கும் உரிமை பெரும்பாலும் தலைமைப் பயிற்சியாளருக்கே உரியது. துணைவர் பெஞ்சில் அமர்ந்து, நனைந்த தாளில் வெளியேற்றங்களைக் குறித்துக்கொண்டிருப்பார். வெளியேற்றம் என்பது கடுந்தவறு செய்தவரைச் சில விநாடிகள் விலக்கிவைக்கும் தண்டனை. மூன்று முறை அதைப் பெற்றவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் இறங்க முடியாது. ஆனால் இவருடைய தலையாய கடமை வேறு. நடுவரின் கை அட்டை இருக்கும் பையை நோக்கி நகரும் நொடியில், தலைமைப் பயிற்சியாளரின் சட்டை நுனியைப் பின்னாலிருந்து பற்றி இழுக்க வேண்டும். மஞ்சள் அட்டை எச்சரிக்கை, சிவப்பு அட்டை வெளியே போகச் சொல்லும் ஆணை. சிவப்பு வந்தால் அணி தம் கைக்கு வரும் என்று அறிந்தும் இழுக்கிறாரே, அது அவருடைய நேர்மைக்குச் சான்று. சற்று மெதுவாகத்தான் இழுக்கிறார் என்போரும் உண்டு.

பட்டம் வென்ற அணியினர் தம் பயிற்சியாளர்களைக் குளத்தில் தள்ளுவது வழக்கம் என்பதால், கடைசிக் கால்பகுதியில் இவர் கைபேசியையும் கடிகாரத்தையும் ஓசைப்படாமல் பைக்குள் வைக்கும் நேரத்தைக் கொண்டே ஆட்டத்தின் முடிவைக் கணித்துவிடலாம். ஸ்கோர் பலகையைவிட அது நம்பத்தக்கது. தலைமைப் பயிற்சியாளரின் கைபேசியை வாங்கி வைக்க மறந்தவர் மட்டும், கோப்பையோடு எடுத்த படத்தில் எவ்வளவு சிரித்திருந்தாலும், அடுத்த பருவத்திற்கு வேறு வேலை தேடிக்கொள்வது நல்லது.