ஆளுக்கொரு சீஸ்கேக்

வீட்டில் சீஸ்கேக் சுடுவதென்றால் ஆளுக்கொன்றாகக் குட்டி குட்டியாகத்தான் சுடவேண்டும் என்பது என் கட்சி. 9 அங்குல அச்சில், முழு வட்டமாக, விரிசல் விழாமல் சுட்டெடுப்பது ஜூனியர்ஸ் மாதிரி கடைகளுக்குச் சரி. புரூக்ளினில் 1950-இல் திறந்த அந்தக் கடைக்கு அதுவே பிழைப்பு. நமக்கு என்ன தலையெழுத்து? பிரச்சினை முழுவதும் சூட்டில் இருக்கிறது. நியூயார்க் பாணி சீஸ்கேக்கில் மாவு பேருக்குத்தான். கிரீம் சீஸையும் சர்க்கரையையும் பிடித்து நிறுத்துவது முட்டை. உள்ளே 65 முதல் 70 டிகிரி வரை சூடேறினால் பதம். அதை வெகுவாகத் தாண்டினால் முட்டை இறுகிச் சுருங்கி நீரைக் கக்கும். சூடோ ஓரத்திலிருந்து மெல்ல நடந்துதான் நடுவுக்குப் போகிறது. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. பெரிய வட்டத்தின் நடுப்பகுதி பதத்துக்கு வருவதற்குள் ஓரம் வெந்து, வெறுத்து, வெடித்தே போகும்.

இதற்குச் சமையல் புத்தகங்கள் எழுதித் தரும் மருந்து, வெந்நீர்த் தட்டு. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, ஓரம் தப்பிக்கும், உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீர் கழற்று அச்சின் இடுக்கு வழியே உள்ளே நுழையும். அதைத் தடுக்க அலுமினியத் தாளில் இரண்டு மூன்று சுற்று. பிறகு ஓவனை அணைத்து, கதவிடுக்கில் மரக்கரண்டி செருகி, ஒரு மணி நேரம் காவல். அப்புறம் இரவு முழுக்க ஃபிரிட்ஜ் வாசம். இவ்வளவு பந்தோபஸ்தும் ஒரு தின்பண்டத்துக்கு! 12 குழி மஃபின் தட்டில் இந்தப் பாடு இல்லை. 450 கிராம் கிரீம் சீஸ், அரை கப் சர்க்கரை, 2 முட்டை, 160 டிகிரியில் ஏறக்குறைய 20 நிமிடம். தட்டை லேசாக அசைத்தால் ஓரம் அசையாமல் நிற்க, நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவு மட்டும் நடுங்கவேண்டும். அந்த நடுக்கத்தோடு வெளியே எடுத்துவிட வேண்டும். அது அடங்கட்டும் என்று காத்திருந்தால் கிடைப்பது ரப்பர். ஆறும்போது நடு கொஞ்சம் அமுங்கும். பெரிய கேக்கில் அது பள்ளம். குட்டியில் ஜாம் ஊற்ற இடம்.

நமக்கு இது புரியாத சங்கதியல்ல. இட்லி மாவை ஒரே அண்டாவில் ஊற்றி அவித்து, கத்தியால் கூறுபோட்டு யாரும் பரிமாறுவதில்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் குடலை இட்லி இல்லையா என்று மடக்குவீர்கள். இருக்கிறது, மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து மணிக்கணக்கில் அவிக்கிறார்கள். பெருமாளுக்கு எட்டரை மணி பஸ் கிடையாது.

குட்டி சீஸ்கேக் நேற்று முளைத்த ஃபேஷன் என்றும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. லண்டனின் ரிச்மண்ட் பகுதிக்குரிய ‘மெய்ட்ஸ் ஆஃப் ஆனர்’, திரிந்த பாலின் கட்டியை வைத்துச் சுடும் உள்ளங்கையளவு பண்டம். நியூயார்க் கிரீம் சீஸைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அது பழசு. பிஸ்கட் தூளை 12 குழியிலும் தனித்தனியாக அமுக்கும் வேலை இருக்கிறதே என்றால், நியாயம், அது எரிச்சல்தான். அமெரிக்க வீடுகளில் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: குழிக்கு ஒரு முழு ஓரியோவைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிறார்கள். பெரிய துண்டின் நடுவில் இருக்கும் அந்த வெண்ணெய்க் குழைவு குட்டியில் அவ்வளவாக வராது என்பதை மட்டும் நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் ஆதரவாளர்கள் சொல்லும் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள முடியாது: குட்டியாகச் சுட்டால் குறைவாகச் சாப்பிடலாமாம். அமெரிக்க விதிப்படி கிரீம் சீஸில் குறைந்தது 33 சதவீதம் பால் கொழுப்பு இருக்கவேண்டும். 900 கிராம் போட்ட பெரிய கேக்கை 12 துண்டாக்கினால் துண்டுக்கு 75 கிராம் சீஸ். குட்டியில் அதில் சரிபாதி. இரண்டு குட்டி உள்ளே போனால் கணக்கு நேர், மூன்றாவதில் நஷ்டம். மூன்றாவதைத் தொடாத மனிதர் இருக்கலாம். எனினும் பெரிய கேக்கில் இன்னொரு வசதி உண்டு: ஓரத்தைச் சமன்படுத்துகிறேன் என்று நூலிழை நூலிழையாகச் சீவி, கால் கேக்கைக் காலிசெய்துவிட்டு ‘நான் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை’ என்று சத்தியம் செய்யலாம். 12 வைத்த தட்டில் 9 இருந்தால் எந்தச் சத்தியமும் எடுபடாது.