எட்டாவது வள்ளல்

பாரி தேரைக் கொடுக்கும்முன் முல்லைக்கொடியிடம் ஒப்புதல் கடிதம் கேட்கவில்லை. பேகன் மயிலுக்குப் போர்வையைப் போர்த்திவிட்டு, ‘பயனாளி ஒன்று, போர்வை ஒன்று’ என்று யாருக்கும் மின்னஞ்சல் அனுப்பவில்லை. அந்தக் கடையெழு வள்ளல்களின் வரிசையில் எட்டாவதாக வந்து சேர்ந்தவர், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறார். கம்பெனியின் சமூகப் பொறுப்புப் பிரிவில், அதாவது சி.எஸ்.ஆரில், ஊழியர்களைத் தொண்டு இல்லங்களுக்கு அழைத்துப்போவது அவர் உத்தியோகம். பெயர் எதுவாகவும் இருக்கலாம். சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்று ‘சி.எஸ்.ஆர். சார்!’ என்று கூவினால் நாலைந்து கார்களில் கண்ணாடி இறங்கும்.

பேகனிடம் ஒரு குறை உண்டு. மழை மேகத்தைக் கண்டு ஆடிய மயிலைக் குளிரில் நடுங்குகிறது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். மனசு பெரிசுதான், விசாரணைதான் இல்லை. நம்மவர் இந்த ஒரு விஷயத்தில் பேகனின் நேரடி வாரிசு.

இவருக்கு ஆண்டு பிறப்பது சித்திரையில் அல்ல, ஜூன் 5-இல். உலகச் சுற்றுச்சூழல் நாள். 1972-இல் ஐ.நா. மாநாடு ஒன்று ஸ்டாக்ஹோமில் தொடங்கிய தேதி அது. ஜூன் மாத ஸ்டாக்ஹோமில் மரம் நடுவது இதமான காரியமாகத்தான் இருக்கும். சென்னையில் அப்போதுதான் கத்திரி முடிந்திருக்கும். வெயிலுக்கு மட்டும் அது தெரிந்திருக்காது. நமக்கு மழை தருவது வடகிழக்குப் பருவமழை, அது அக்டோபரில்தான் வரும். நம்மவர் ஜூன் 5-இல் நடுகிற கன்று நாலு மாதம் தாக்குப்பிடிக்க வேண்டும். தோட்டக்காரர் இதை ஒவ்வொரு வருஷமும் சொல்கிறார். “ஐப்பசியில வாங்க சார், நானே குழி வெட்டி வைக்கிறேன்.” நம்மவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். ஐப்பசியில் சுற்றுச்சூழல் நாள் இல்லையே, அவர் என்ன செய்வார்!

அக்டோபருக்கு அவரிடம் வேறு திட்டம் இருக்கிறது. 2-ஆம் தேதி முதல் 8 வரை நாடு முழுக்க ‘தான் உத்சவ்’ நடக்கிறது. கொடுப்பதன் மகிழ்ச்சியைக் கொண்டாட 2009-இல் தொடங்கிய நல்ல முயற்சி, அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அந்த வாரத்துக்காக நம்மவர் ஆகஸ்டிலேயே அரசுப் பள்ளி ஒன்றைப் பிடித்துவிடுவார். காந்தி ஜயந்தி அரசு விடுமுறை. விடுமுறையில் தொண்டு செய்ய யார் வருவார்கள்? எனவே அந்த வாரத் தொண்டு வேலைநாளில்தான். பஸ் ஏற்பாடாகும், டி-ஷர்ட் அச்சாகும், பள்ளி வாசலில் பேருந்து நிற்கும்போதுதான் கேட்டில் பூட்டு தொங்குவது கண்ணில் படும். காலாண்டுத் தேர்வு விடுமுறை. தமிழ்நாட்டுப் பள்ளிகள் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் மூடியிருக்கும் என்பது பள்ளியில் படித்த எல்லோருக்கும் தெரியும். வந்த அறுபது பேரும் பள்ளியில் படித்தவர்கள்தான்.

சரி, பூட்டியிருந்தால் என்ன? சுவர் இருக்கிறதே. வர்ணம் அடிப்பார்கள்.

சட்டம்தான் இவரைப் படைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் ஊழியர் தூரிகை பிடித்த நேரத்துக்கு விலை போட்டு அந்த 2 சதவீதத்தில் கழித்துக்கொள்ள முடியாது. கம்பெனி விவகார அமைச்சகம் 2021-இல் தந்த விளக்கத்தில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆகவே நம்மவர் சேர்க்கிற மணிக்கணக்கு சட்டத்துக்குத் தேவையே இல்லை. அது தலைமை அலுவலகத்துக்குப் போகிற கணக்கு. அங்கே வண்ண வண்ண வரைபடமாக மாறி, யாரும் படிக்காத ஆண்டறிக்கையில் அரைப் பக்கம் பிடித்துக்கொள்ளும்.

அந்தக் கணக்கின் அழகைச் சொல்ல வேண்டும். அறுபது பேர், தலைக்கு ஆறு மணி நேரம், ஆக 360 மணி நேரத் தொண்டு. இதில் சாலை நெரிசலில் பஸ் நின்ற நேரம் உண்டு. இட்லி, பொங்கல், வடை உண்டு. பேனரைக் கட்ட சணல் தேடிய நேரம், கட்டிய பேனர் காற்றில் திரும்பிக்கொண்டதால் மறுபடி கட்டிய நேரம், துணைத் தலைவர் வரும்வரை நிழலில் காத்திருந்த நேரம், வந்தவர் ‘உங்களைப் பார்த்தால் பெருமையாக இருக்கிறது’ என்று அரை மணி பெருமைப்பட்ட நேரம் எல்லாம் சேர்த்தி. துல்லியமாகப் பார்த்தால் தூரிகை சுவரில் பட்டது முக்கால் மணி நேரம். மறுநாள் பெயின்டர் வந்து சரிசெய்த ஒரு நாள் இந்தக் கணக்கில் வராது. அவர் கூலி வாங்குகிறவர், தன்னார்வலர் அல்ல.

குழந்தைகள் இல்லத்துக்குப் போனால் காட்சி இன்னும் சுவாரசியம். அங்கே ‘சுகாதார விழிப்புணர்வு’ நடக்கும். கை கழுவுவதன் ஆறு படிகளை ஒரு பெண் பொறியாளர் நடித்துக்காட்டுவார். முன் வரிசையில் இருக்கும் எட்டு வயதுக்காரி பொறுமையாகப் பார்த்துவிட்டு, “அக்கா, கட்டை விரலை விட்டுட்டீங்க” என்பாள். ஏற்கெனவே வந்துபோன கம்பெனிகளின் புண்ணியத்தில் அவள் இந்தப் பாடத்தில் கரைகண்டவள். பிறகு எல்லோரும் கைதட்ட வேண்டும், பாட்டுப் பாட வேண்டும், ‘தேங்க்யூ அண்ணா, தேங்க்யூ அக்கா’ என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். அன்று சனிக்கிழமை. அந்தப் பிள்ளைகள் துணி துவைத்துவிட்டு விளையாடப் போகிற நாள். யார் யாருக்குத் தொண்டு செய்கிறார்கள் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

அடுத்தது படம். பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி குற்றம், சிறைத்தண்டனைகூட உண்டு. நம்மவர் சட்டத்தை மதிப்பவர். ஒவ்வொரு குழந்தையின் முகத்திலும் மஞ்சள் நிறச் சிரிப்புப் பொம்மையை ஒட்டித்தான் படத்தைப் போடுவார். படம் எடுத்தபோது பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். வெளிவந்தபோது எல்லோரும் ஒரே மாதிரி சிரித்தார்கள்.

ஒருமுறை அவர் ஓர் இல்லத்து நிர்வாகியோடு பேசியதைக் கேட்டேன்.

“மேடம், நாங்க அறுபது பேர் வர்றோம். உங்ககிட்ட அறுபது பேருக்கு வேலை இருக்குமா?”

“சார், ஒருத்தர் போதும். கணக்கு தெரிஞ்சவரா இருந்தா நல்லது. நன்கொடை கொடுத்தவங்க விவரம் எல்லாத்தையும் மே 31-க்குள்ள வருமான வரிக்கு ஏத்தணும். தவறினா ஒரு நாளைக்கு 200 ரூபா கட்டணும். மே மாசம் ஒரு நாலு நாள் யாராவது வந்து உட்கார்ந்தா...”

“ஒருத்தரை வச்சு குரூப் போட்டோ எடுக்க முடியாதே, மேடம்.”

“அப்ப எங்க பிள்ளைங்க ரெண்டு பேர் பார்வையில்லாதவங்க, காலேஜ்ல படிக்கிறாங்க. பரீட்சை எழுத ஆள் கிடைக்கல. செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணி...”

“செவ்வாய்க்கிழமையா? கிளையண்ட் கால் இருக்கும் மேடம். சனிக்கிழமை பரீட்சை வைக்க மாட்டாங்களா?”

நிர்வாகி ஒரு நொடி பேசவில்லை. பிறகு, பழகிப்போன குரலில் சொன்னார்: “பின்பக்கச் சுவர் இருக்கு, சார்.”

இதையெல்லாம் வைத்து அவரைக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியும் முடிச்சூரும் மூழ்கியபோது, இவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியவர். அன்று டி-ஷர்ட் இல்லை, பேனர் இல்லை, துணைத் தலைவர் இல்லை. முதல் தெருவில் பால் கேட்டார்கள், பால் கொண்டுபோனார். அடுத்த தெருவில் பால் வேண்டாம், மெழுகுவர்த்தியும் நாப்கினும் வேண்டும் என்றார்கள். திரும்பிப்போய் அதைக் கொண்டுவந்தார். அந்த வாரம் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அந்த வாரத்தைப் பாராட்டித்தான் கம்பெனி அவருக்கு இந்தப் பதவியைக் கொடுத்தது. கூடவே ஓர் எக்செல் தாளையும் கொடுத்தது. வந்தது வினை. அந்தத் தாளில் ‘என்ன கேட்டார்கள்’ என்று ஒரு பத்தியே இல்லை.

உங்கள் அலுவலகத்திலும் இவர் இருப்பார். டி-ஷர்ட் அளவு கேட்டு மின்னஞ்சல் வரும். பதில் எழுதும்போது, இல்லத்துக்கு எந்த மாதம், எந்தக் கிழமை, என்ன தெரிந்த ஆள் வேண்டுமாம் என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். உங்களுக்கு டேலி தெரியுமென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அளவை மட்டும் உடனே அனுப்பிவிடுங்கள். தாமதித்தால் ‘ஸ்மால்’தான் மிஞ்சும்.