பரண் பிரபு

பரண் பிரபுவின் வீட்டுக்குப் போகிறவர்கள் வாசற்படியைத் தாண்டியதும் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் தெருவில் சிறு பிள்ளைகளும் அறிந்த சம்பிரதாயம். ரேழியின் ஒரு பக்கத்தில் தினசரிகளும் வாராந்தரிகளும் சணல் கயிற்றால் கட்டப்பட்டு உத்தரம் வரையில் ஏறியிருக்க, மறு பக்கத்தில் மூடியில்லாத ஹார்லிக்ஸ் பாட்டில்களும், பாட்டிலில்லாத மூடிகளும், துணி போய்க் கம்பி மட்டும் மிஞ்சிய குடைகளும், இரண்டே கால்களோடு சுவரில் சாய்ந்து நிற்கும் ஒரு முக்காலியும் அணிவகுத்திருக்கும். பிரபு என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. பரண் என்ற சமஸ்தானத்தை வெகுகாலமாகப் பரிபாலித்து வருகிற காரணத்தால் ஊரார் மனமுவந்து சூட்டிய பட்டம்.

அவரைக் கருமி என்று எண்ணிவிடலாகாது. கருமிக்குப் பணத்தின்மேல்தான் பிரேமை; பிரபுவுக்கோ பணம் என்பது கைக்கு வந்தால் செலவாகிப் போகிற அற்ப வஸ்து. விருந்தாளி வாங்கி வந்த அல்வாவை அந்த விருந்தாளிக்கே முக்கால் பங்கு கொடுத்து உபசரிக்கிற தாராள மனசு அவருக்கு உண்டு. ஆனால், பொட்டலத்தைச் சுற்றியிருந்த நூலின் விஷயம் வேறு. அதன் முடிச்சை நகத்தால் நிமிண்டி, அறாமல் அவிழ்த்து, பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே எட்டுப் போட்டுச் சுற்றி, நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, ஜன்னல் மாடத்தில் உரித்த தேங்காய் அளவுக்கு வளர்ந்திருக்கும் நூற்கண்டோடு அதை ஐக்கியப்படுத்தும் வரையில், வந்தவர் தம் மகளின் கல்யாண விஷயத்தைச் சொன்னாலும் சரி, சம்பந்தியின் மரணச் செய்தியைச் சொன்னாலும் சரி, அவர் காதில் ஏறாது.

“எதற்காவது உதவும்” என்பதே அவருடைய வேதாந்தம். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்றுதான் நாமும் சொல்கிறோம். நாம் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம், அவர் துரும்பைப் பத்திரப்படுத்துகிறார். பூட்டுகள் காலமான பிறகும் அவற்றின் சாவிகள் ஒரு வளையத்தில் தொங்குகின்றன. பிஸ்கட் டின் ஒன்றில், யுத்த காலத்தில் நடுவே துளையிட்டு அச்சடித்த ஓட்டைக் காலணாக்கள் கிடக்கின்றன. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி தசாம்ச நாணய முறை வந்து அணாவின் கதை முடிந்ததும், 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு நாலணாவும் செல்லாமற் போனதும் அவர் அறியாதவையல்ல. “சர்க்கார் எத்தனை விஷயத்தில் மனசு மாறியிருக்கிறது! இதில் மட்டும் மாறாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?” என்பார்.

ஒரு நாள் அவருடைய சம்சாரம், “என்னங்க, அந்த ஓட்டை அண்டாவையாவது பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடலாமா?” என்று கேட்டார்.

“தாராளமாகப் போடு. அதற்குள் இருக்கிற சாமானையெல்லாம் எங்கே வைப்பாய், அதை முதலில் சொல்” என்றார் பிரபு. அம்மையார் அத்தோடு அடுக்களைக்குப் போய்விட்டார்.

வேண்டிய பொருள் வேண்டிய சமயத்தில் அகப்படுகிறதா என்று கேட்பது, அவரிடம் கேட்கத்தகாத கேள்வி. குக்கருக்கு ரப்பர் வளையம் தேவைப்பட்ட அன்று, “ஏழெட்டு வைத்திருக்கிறேன்” என்று சொல்லிக் காலையில் ஏணி வைத்துப் பரண்மேல் ஏறியவர், யாருடையதோ ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையைப் படித்துக்கொண்டே சாயங்காலம் இறங்கி வந்தார். வளையம் மத்தியானமே கடையிலிருந்து வந்து, சமையலும் ஆகிவிட்டிருந்தது. அது வந்த அட்டைப்பெட்டி மட்டும் மறுநாள் பரண் ஏறியது.

யாராவது பரிகசித்தால், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரைச் சாட்சிக்கு அழைப்பார். செட்டியார் ஆயுள் முழுவதும் சேர்த்த புத்தகங்களையும் பத்திரிகைகளையும் நாடக நோட்டீசுகளையும், 1992-இல் அவர் காலமான பின்பு சிகாகோ பல்கலைக்கழகம் விலை கொடுத்து வாங்கியதும், அவை இன்று சென்னையில் அவர் பெயராலேயே ஓர் ஆராய்ச்சி நூலகமாய் விளங்குவதும் வாஸ்தவம். ஆனால், தேடி வந்த ஆராய்ச்சியாளருக்கு எது எங்கே என்று எடுத்துக் கொடுத்தவர் செட்டியார். நம் பிரபுவோ தம் மூக்குக் கண்ணாடியையே மூன்று நாள் தேடுகிறவர். சிகாகோக்காரர்கள் இந்த ரேழிக்குள் பக்கவாட்டில் நுழைவது எனக்கு என்னவோ சந்தேகமாகவே இருக்கிறது.

பயமுறுத்தியாவது பார்க்கலாமென்று, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வசித்த காலியர் சகோதரர்களின் விருத்தாந்தத்தை ஒரு முறை அவருக்கு எடுத்துரைத்தேன். கண்ணிழந்த தமையன் ஹோமர் பார்வை திரும்பியதும் படிக்கட்டும் என்று தம்பி லாங்லி தினசரிகளை மலையாய்க் குவித்து வைத்தான். கள்வருக்கு வைத்த பொறியே ஒரு நாள் அவன்மேல் சரிந்து அவனை அமுக்கிவிட, அன்னம் கொடுப்பாரின்றித் தமையனும் மாண்டான். 1947-ஆம் வருஷம் அந்த வீட்டிலிருந்து 100 டன்னுக்கு மேற்பட்ட சாமான்களையும் 14 பியானோக்களையும் வெளியேற்றினார்கள். எல்லாவற்றையும் கண் கலங்கக் கேட்ட பிரபு, நெடுமூச்செறிந்து, “பதினாலு பியானோ! எல்லாவற்றையும் யாரப்பா எடுத்துப் போனார்கள்?” என்றார்.

இவ்வளவு திடசித்தத்துக்கு ஆதாரம் ஒரே ஒரு சம்பவந்தான். பக்கத்து வீட்டில் கல்யாணத்தன்று விடியற்காலை, சமையற்காரர்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கையில், கிணற்றுச் சகடையின் அச்சு முறிந்து சகடையும் பிளந்துபோயிற்று. கடை திறக்க நேரம் இருந்தது, முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது. பிரபு பரண்மேல் ஏறினார். அவர் ஜாதகத்தில் அன்று என்ன கிரகம் உச்சத்தில் இருந்ததோ, கால் மணிக்குள் எண்ணெய்ப் பிசுக்கோடு ஓர் இரும்புச் சகடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கல்யாண வீடே கைகூப்பியது. பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளைக்கு அடுத்த இலையில் அவரை உட்கார வைத்து, “நீங்கள் செய்த உதவிக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேன்!” என்று நெகிழ்ந்தார்.

“அதெல்லாம் ஒன்றும் வேண்டாம்” என்ற பிரபு, பாயசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “அந்த உடைந்த சகடையை எங்கே போட்டீர்கள்? போகும்போது எடுத்துக்கொண்டு போகிறேன்” என்றார்.