நாலரையை அஞ்சாக எழுதுபவர்

மருந்துக் கம்பெனி ஏரியா மேனேஜர் ஒரு நாளில் அதிகம் உச்சரிக்கும் சொல் ‘கமிட்மென்ட்’. காலை எட்டரைக்குக் கான்ஃபரன்ஸ் காலில் கேட்பார். மதியம் வாட்ஸ்அப்பில் கேட்பார். இரவு பத்தரைக்கு, கடைசி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மெடிக்கல் ரெப் தட்டில் கைவைக்கும் நேரம் பார்த்து மறுபடி கேட்பார். அகராதியில் அதற்கு வாக்குறுதி, கடப்பாடு என்றெல்லாம் பொருள் போட்டிருக்கிறார்கள். மருந்து விற்பனையில் அது மேனேஜர் முன்கூட்டியே மனதில் முடிந்துவைத்திருக்கும் ஓர் எண். ரெப் அதைச் சரியாக ஊகிக்கிற வரை கேள்வி ஓயாது.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து துறையூர் போகும் பஸ்ஸில், ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் போனையும் பிடித்துக்கொண்டு, கால்களுக்கு நடுவே பையை இடுக்கியபடி நிற்கும் ரெப்பிடம் இந்த ஊகப் போட்டி நடக்கும் விதம்:

“கமிட்மென்ட் சொல்லுங்க சார்.”

“நாலு வரும் சார்.”

“நாலா? நல்லா யோசிச்சு சொல்லுங்க.”

“நாலே கால் சார்.”

“உங்க மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையே சார்.”

“நாலரை பண்ணிடலாம் சார்.”

“அப்ப அஞ்சுன்னு எழுதிக்கவா?”

எழுதிக்கவா என்று கேட்பது மரியாதைக்கு. கேட்கும்போதே எழுதி முடித்திருப்பார். இந்தத் தொழிலில் நேற்றுச் சேர்ந்த பையன் முதல் பழம்பெருச்சாளி வரை எல்லோரும் எல்லோருக்கும் ‘சார்’ என்பதால், அந்தச் சொல்லை வைத்து மரியாதையை அளக்க முடியாது. டார்கெட்டைத் தொட்ட ரெப்பை மட்டும் மேனேஜர் ‘தம்பி’ என்பார். அந்தச் சொல்லைக் காதால் கேட்காமலே ஓய்வுபெற்றவர்கள் உண்டு.

எண்ணின் பயணம் அத்தோடு நிற்பதில்லை. துறையூர் பஸ்ஸில் நாலாகப் பிறந்து நாலரையாக வளர்ந்தது, ஏரியா மேனேஜரின் டைரியில் அஞ்சு. அவர் சென்னையிலிருக்கும் ரீஜனல் மேனேஜருக்குச் சொன்ன அரைமணி நேரத்தில் அஞ்சரை. மும்பைத் தலைமை அலுவலகத்தின் எக்ஸெல் கட்டத்தில் உட்காரும்போது ஆறு. டார்கெட் ஆறு லட்சம் என்பதால் அங்கே எல்லோருக்கும் திருப்தி. பாலில் தண்ணீர் ஊற்றுகிறவர்கூட நிறம் பார்த்துத்தான் ஊற்றுவார். இங்கே யாரும் நிறம் பார்ப்பதில்லை. வழியில் இந்த எண்ணைத் தொட்ட அத்தனை பேருக்கும் அது பொய் என்று தெரியும். எல்லோருமே ரெப்பாக இருந்து மேலே போனவர்கள்.

25-ஆம் தேதி உண்மையான விற்பனை 2,90,000 ரூபாயில் நின்றுகொண்டிருக்கும். மிச்சத்தை ஐந்தாறு நாளில் தில்லைநகர் டாக்டர்கள் எழுதித் தீர்க்க முடியாது. அதற்கு ஊரில் அத்தனை பேருக்கு நோய் வர வேண்டும். ஆனால் கம்பெனி கணக்கில் விற்பனை என்பது நோயாளி மருந்து வாங்குவதல்ல, கடைக்காரர் வாங்குவதுகூட அல்ல. கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரியான ஸ்டாக்கிஸ்ட் பெயரில் பில் விழுந்தால் போதும், அது விற்பனை. இதற்கு ‘பிரைமரி’ என்று பெயர். ஸ்டாக்கிஸ்டிடமிருந்து கடைகளுக்குப் போவது ‘செகண்டரி’. அதை மாதத்துக்கு ஒருமுறை ஸ்டேட்மென்ட் வாங்கி, ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு மூடிவைப்பார்கள்.

ஆகவே மாதக் கடைசி இரவில் மேனேஜரும் ரெப்பும் ஸ்டாக்கிஸ்ட் கடைப் படியில் நிற்பார்கள். மே மாதம், அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெளியே இரவு ஒன்பது மணிக்கு அனல் அடிக்கிறது. உள்ளே இறக்கப் பார்ப்பது 80,000 ரூபாய்க்கு இருமல் சிரப்.

“இதை யாருக்குண்ணே விக்கிறது?” என்பார் ஸ்டாக்கிஸ்ட்.

“பில்லு மட்டும் போட்டுக்குங்கண்ணே. அஞ்சாந்தேதி ரிட்டர்ன் அனுப்பிடலாம்.”

“போன தடவை அனுப்புனதுக்கே கிரெடிட் நோட்டு வரலையே.”

மேனேஜர் அப்போது ஸ்டாக்கிஸ்டின் மகன் எந்தக் காலேஜில் சேர்ந்திருக்கிறான் என்று விசாரிப்பார். பில் விழும். மும்பையில் கைதட்டுவார்கள். ஐந்தாம் தேதி சிரப் பெட்டிகள் உடைக்கப்படாத டேப்போடு திரும்பிப் போகும், அந்த மாதக் கணக்கு கழித்தல் குறியோடு தொடங்கும். அடுத்த கான்ஃபரன்ஸ் காலில் மேனேஜர் கேட்பார்: “என்ன சார், மாசம் பொறந்ததும் மைனஸ்ல நிக்கிறீங்க?” அவர் குரலில் இருக்கும் ஆச்சரியம் நடிப்பில்லை. ஒவ்வொரு மாதமும் அவர் உண்மையாகவே ஆச்சரியப்படுகிறார்.

விடுப்பும் கமிட்மென்ட் கேள்வியிலிருந்து காப்பாற்றாது. விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கென்று 1976-இல் தனிச்சட்டமே போட்டு, வேலை பார்த்த காலத்தில் பதினொன்றில் ஒரு பங்கு சம்பளத்தோடு கூடிய விடுப்பு என்று எழுதிவைத்தார்கள். மேனேஜர் விடுப்பை மறுப்பதில்லை. பாட்டி இறந்துவிட்டதாகச் சொன்னால் உண்மையாகவே வருந்துவார். வருந்தி முடித்து, “எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?” என்று கேட்டு, “அப்ப சாயங்காலம் ஃப்ரீதான். அந்த ரெண்டு ஸ்டாக்கிஸ்டையும் போன்ல பிடிச்சிடுங்க” என்பார்.

மற்றப் பழக்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரெப்போடு சேர்ந்து டாக்டர்களைப் பார்க்கும் ‘ஜாயின்ட் ஒர்க்’ நாளில் டாக்டர் சிரித்தால் கம்பெனியின் பெருமை, சிரிக்காவிட்டால் ரெப்பின் குறை. முன்பெல்லாம் அந்த ஜாயின்ட் ஒர்க்கை வீட்டிலிருந்தபடியே செய்த மேனேஜர்கள் இருந்தார்கள். டேப்லெட்டில் ஜிபிஎஸ் வந்து அந்தக் கலை அழிந்தது. டாக்டர்களுக்குப் பரிசு கொடுக்கக் கூடாது, ஒரு மருந்தில் ஒரு டாக்டருக்கு ஆண்டுக்கு 12 சாம்பிள் பேக்குக்கு மேல் தரக் கூடாது என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் விதிமுறை வெளியிட்டது. அதன்பின், வேறு எப்படி விற்பது என்று கேட்கிற ரெப்புக்கு மேனேஜர் தரும் பதில், “ரிலேஷன்ஷிப் பில்ட் பண்ணுங்க சார்.” எப்படி என்பது அவருக்கும் தெரியாது.

இவரைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கக் கிடைப்பது தில்லைநகர் கிளினிக் மாடிப்படிகளில். இரவு பத்து மணி, உள்ளே இன்னும் ஏழு நோயாளிகள், பெஞ்சில் நான்கு கம்பெனி ரெப்கள். மேனேஜரின் போன் அதிரும். திரையில் ரீஜனல் மேனேஜர் பெயரைப் பார்த்ததும் எழுந்து, படியில் பாதி தூரம் இறங்கி, சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். “சார்… வந்துடும் சார்… நாப்பதா? இல்ல சார், முப்பத்தெட்டு… சரிங்க சார், நாப்பதே எழுதிக்குங்க சார்.” துறையூர் பஸ்ஸில் ரெப் பேசிய அதே குரல், அதே இழுவை. பேசுகிற வரை வலதுகைக் கட்டைவிரல் நகத்தால் சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே இருப்பார். மேலே வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு ரெப்பிடம், “சாப்பிட்டீங்களா சார்?” என்று கேட்பார். சில சமயம் பரோட்டாவுக்கு அவரே காசு கொடுத்துவிடுவார். அந்த நேரத்தில் அவர் மேல் கோபம் வைத்திருப்பது கஷ்டம்.

ஆனால் பயணப்படி விஷயத்தில் அந்தப் பரோட்டா செல்லாது. ஜூலை மாதம் ரெப் தன் கைக்காசில் பெட்ரோல் போட்டு அரியலூரும் பெரம்பலூரும் முசிறியும் சுற்றிய செலவு, செப்டம்பர் முடிந்தும் வந்திருக்காது. கேட்டால் “ஃபைனான்ஸ்ல பெண்டிங்.” எந்தத் தேதியில் வரும் என்று கேட்டால், “பார்க்கலாம் சார்.” நாளுக்கு மூன்று வேளை கமிட்மென்ட் வாங்குகிறவர் தரவேண்டிய ஒரே கமிட்மென்ட் இது. இதை அவரும் தருவதில்லை, அவருக்கு மேலே இருப்பவர்களும் தருவதில்லை. வட்டிக்கு வாங்கிப் பெட்ரோல் போட்டு வேலைக்குப் போகிறவனிடம் நம்பிக்கை இல்லை என்று குறை சொல்வது அநியாயம். அதனால்தான் ஆட்கள் நிற்பதில்லை. இரண்டு வருடத்தில் மூன்று ரெப் மாறிய ஊரில் டாக்டர் நிமிர்ந்து பார்த்து, “நீங்க எந்தக் கம்பெனி?” என்று கேட்கிறார். மருந்தின் பெயர் அவர் பேனாவிலிருந்து நழுவிவிடுகிறது. ஆள் இல்லாத ஊரின் டார்கெட்டைப் பக்கத்து ஊர் ரெப்களுக்குப் பங்கு போடுகிறார்கள். மூன்று மாதத்தில் அவர்களில் ஒருவரும் போய்விடுகிறார்.

போகிற ரெப் ராஜினாமாவை மெயிலில் அனுப்பிவிட்டு, மேனேஜருக்கு போன் செய்து சொல்வது வழக்கம். மேனேஜர் சிறிது நேரம் பேசாமல் இருப்பார். புதுக் கம்பெனியில் எவ்வளவு சம்பளம் தருகிறார்கள் என்று விசாரிப்பார். அங்கே தனக்கு ஏதும் இடமிருக்கிறதா என்று பட்டும் படாமலும் கேட்பார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரிங்க சார், நோட்டீஸ் பீரியட் ஒரு மாசம் இருக்குல்ல, இந்த மாசம் கமிட்மென்ட் எவ்வளவு?” என்பார். இந்த ஒருமுறை ரெப் இழுக்க மாட்டார். “எட்டு லட்சம் சார்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். மேனேஜர் அதையும் எழுதிக்கொள்கிறார். அன்று இரவு அது மும்பைக்குப் போய்ச் சேரும்போது எட்டரை ஆகியிருக்கும்.