தொட்டிக் கந்தோர்

கடல் மீனைக் காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, பிறகு சமைக்காமல் விடுவது யாழ்ப்பாண மரபுக்கு முற்றிலும் விரோதமான காரியம். குடாநாட்டில் இதைத் துணிந்து செய்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் அவர்களை அடையாளம் காண்பது சுலபம். பொழுதுபட்டதும் விறாந்தையில் நீல வெளிச்சம் எரியும். காலையில் மீன்காரர் சைக்கிளில் கோர்ன் அடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பினால் யன்னலைச் சாத்துவார்கள். தொட்டியில் இருப்பவை கேட்டுக் கவலைப்படக் கூடாதாம்.

கடல்மீன் தொட்டிக்காரர் பெரும்பாலும் ஓய்வூதியர். பிள்ளைகள் ஸ்காபரோவிலோ லண்டனிலோ இருப்பார்கள். விளக்கும் பம்பும் அவர்கள் அனுப்பியவை. இந்தக் கூட்டத்திலும் கைதேர்ந்தவர்கள் காணியோடு சம்பந்தப்பட்ட உத்தியோகம் பார்த்தவர்கள் என்பது என் துணிபு: சேவையர், நொத்தாரிசு, காணிக் கந்தோர் லிகிதர். தொட்டி மீன் சாக நூறு வழி உண்டு. அவற்றுள் நாம் பார்த்துக்கொண்டிருக்கவே நடப்பது எல்லைத் தகராறு. வேலி, கதியால், பொதுக்கிணறு, பாதை உரிமை என்று ஆயுசு முழுக்கக் கோப்புப் பார்த்தவருக்கு, ஒரு மீன் இன்னொரு மீனை ஏன் கல்லுக்கு அந்தப் பக்கம் கலைக்கிறது என்று புத்தகம் பார்த்துத் தெரியவேண்டியதில்லை.

தொட்டியின் அளவு 24 அங்குல நீளம், 12 அகலம், 12 உயரம். விளிம்புவரை நிரப்பினால் 56 லீற்றர் சொச்சம். கல்லும் மணலும் போட்ட பிறகு 45 தேறினால் பெரிய காரியம். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று பேசிப் பழகிய வாய்க்கு இது வெறும் இரண்டு சதுர அடிக் காணி. இதற்குள் மூன்று நாலு சீவன்களைக் கொலை விழாமல் குடிவைக்க வேண்டும்.

புதிதாகத் தொட்டி வாங்கிய பெடியன்கள், காணிக் கந்தோரிலிருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவரிடம் ஆலோசனைக்கு வருவார்கள்.

"வாரும் தம்பி, இரும். என்னென்ன விடப்போறீர்?"

"ஒரு நீமோச் சோடி, ஒரு டோரி, ரெண்டு கடல்குதிரை. பிறகு, குருநகர்ப் பெடியன் ஒருத்தன் கலவாய்க் குஞ்சு ஒண்டு தாறனெண்டவன், ஐயா."

ஐயா கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைப்பார். தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

"டோரி ஓரடி வளருற சாமான். உம்மட தொட்டி ரெண்டடி. திரும்பிறதெண்டால் அது றிவேஸ் எடுக்கவேணும். வேண்டாம். கடல்குதிரை ஆறுதலாப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுற சீவன். மற்றதுகள் முந்தி முடிச்சுப்போடும். அது வாலால கல்லைப் பிடிச்சுக்கொண்டு பட்டினி கிடக்கும். அதுவும் வேண்டாம்."

"கலவாய்?"

"சின்னனில வடிவான மீன். ஒருத்தரோடையும் சண்டைக்குப் போகாது."

"அப்ப நல்லதுதானே, ஐயா?"

"சண்டை பிடிக்காது தம்பி, விழுங்கும். அதின்ர வாய்க்குள்ள அடங்கிற சைஸில ஆர் இருந்தாலும் அவன் அயலவன் இல்லை, சாப்பாடு."

நாலு விண்ணப்பத்தில் மூன்று தள்ளுபடி. மிஞ்சியது நீமோ. நீமோ விசயத்தில்தான் ஐயாவின் சட்ட ஞானம் முழுதாக வெளிப்படும். 2003இல் வந்த கார்ட்டூன் படத்தின் நாயகனான அந்த நீமோ நம்முடைய கடலைச் சேர்ந்தவன் அல்லன். இலங்கைக் கடலில் இருப்பவை அவனுக்குச் சித்தப்பா, பெரியப்பா முறையான வேறு கோமாளி மீன்கள். பாக்கு நீரிணைக்கு அங்கால் மண்டபத்திலும், இன்னும் வடக்கே பரங்கிப்பேட்டையிலும் இந்தக் குடும்பத்து மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்திருக்கிறார்கள். வாங்குவதென்றால் தொட்டியில் பிறந்ததாய்ப் பார்த்து வாங்கும் என்பார் ஐயா; கடலில் பிடித்தது பாதி வழியிலேயே மனம் விட்டுவிடுமாம்.

இதெல்லாம் முன்னுரை. விசயம் இனித்தான். கோமாளி மீன்கள் எல்லாம் பருவத்துக்கு வரும்போது ஆண்கள். கூட்டத்தில் பெரியது மட்டும் பெண்ணாக மாறி, கடல் அனிமனியில் ஆட்சி நடத்தும். அதற்கு அடுத்த பெரியது மாப்பிள்ளை. பெண் செத்துப்போனால் மாப்பிள்ளையே பெண்ணாக மாறிவிடுவார்.

"1707இல ஒல்லாந்தன் எங்கட தேசவழமையை எழுதிவைக்க முந்தியே இதுகளிட்ட அது இருந்திருக்கு," என்பார் ஐயா. "வீடு சீதனம். பொம்பிளையின்ர பேரில. ஆம்பிளைக்கு அந்த வீடு வேணுமெண்டால் அவன் பொம்பிளையா மாறித்தான் எடுக்கவேணும்."

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பேத்தி கேட்டாள்: "அப்ப நீமோவின்ர அப்பா?"

"அம்மா செத்த கையோட அவர் அம்மாவா மாறியிருப்பார், பிள்ளை. படத்தில அதை விட்டுட்டாங்கள்."

அன்று முழுக்கப் பேத்தி சாப்பிடவில்லை.

யாரைக் குடிவைப்பது என்பதிலும் பெரிய விசயம், யாரை முதலில் குடிவைப்பது என்பது. முதலில் சாதுக்கள். கோபி என்று சுண்டுவிரல் அளவில் ஒரு மீன் உண்டு. கொடுக்கைச் சொடுக்கி வெடிச்சத்தம் போடும் ஓர் இறாலோடு அது ஒரே வளையில் சீவிக்கும். இறாலுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. வளை தோண்டுவதும் மணல் அள்ளுவதும் அதன் வேலை. மீனுக்குத் தோண்டத் தெரியாது. வாசலில் நின்று காவல் பார்க்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையை மீனின் உடம்பில் தொட்டபடியே வைத்திருக்கும். மீன் வாலை ஒரு தரம் ஆட்டினால் இரண்டும் உள்ளே. ஐயா இந்தச் சோடியின் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து ஆச்சரியப்படுவார்: "ஒரு வளை, ரெண்டு குடி. இப்பிடி ஒரு பைலை நான் கந்தோரில கண்டதில்லை."

கடைசியாக விடவேண்டியது, விடாமலே இருந்தால் இன்னும் நல்லது, டாம்சல். அதிலும் மூன்று புள்ளி டாம்சல். கறுத்த உடம்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று. பார்த்தால் சைவப்பழம். விலையும் மலிவு என்பதால் பெடியன்கள் இதைத்தான் முதலில் வாங்குவார்கள். அது முதல் நாள் ஒரு கல்லைச் சுற்றி வரும். மறுகிழமை தொட்டி முழுவதற்கும் உறுதி முடித்திருக்கும். பிறகு வருகிற எவருக்கும் செட்டை கிழியும். துப்புரவாக்கப் போன ஐயாவின் கையையே ஓடிவந்து கடிக்கும்.

இதற்கும் பரிகாரம் உண்டு. புதுமீன் விடுகிற அன்று தொட்டிக்குள் இருக்கிற கல் எல்லாவற்றையும் பிடுங்கி இடம் மாற்றி அடுக்கிவிட வேண்டும். எந்த மூலை தன்னுடையது என்று பழைய குடியிருப்பாளருக்கே தெரியாது, எல்லாரும் புதுக்குடி. விளக்கை அணைத்துவிட்டால் இன்னும் விசேஷம். அதற்கும் மசியாத டாம்சலுக்கு, தொட்டிக்கு வெளியே கண்ணாடியோடு ஒட்டி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாத்தி வைப்பார். அது நாள் முழுக்கத் தன்னோடு தானே வழக்காடிக்கொண்டிருக்கும். இடையில் புதியவர் தன்பாட்டில் ஒரு பொந்து பார்த்துக்கொள்வார்.

மீன் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வரும். றெஜிபோம் பெட்டி, அதற்குள் பொலித்தீன் பை, பைக்குள் கால்வாசித் தண்ணீரும் முக்கால்வாசி ஒட்சிசனும், நடுவே கண் பிதுங்கி ஒரு மீன். விடியப்புறம் ஐயா பஸ் நிலையத்துக்குப் போய் அதைக் கையேந்தி வாங்கி வருவார். பையைத் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்திய பிறகு, மீனை வாளிக்கு மாற்றி, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். உப்பின் அளவு மாறுவதை மீன் மெதுவாகத்தான் தாங்கும். இதற்கென்று பார்மசியில் வாங்கிய சேலைன் குழாய் ஒன்று வைத்திருக்கிறார். சில்லை உருட்டி, செக்கனுக்கு இரண்டு சொட்டு என்று கணக்குப் பண்ணி, ஒரு மணித்தியாலம் குந்தியிருப்பார்.

அடுப்படியிலிருந்து குரல் வரும்: "எனக்கு டெங்கு வந்து கிடக்கேக்க எட்டிப் பார்த்துட்டுப் போன மனுசன். இப்ப மீனுக்குச் சேலைன் ஏத்துறார்."

தண்ணீர் இன்னொரு கதை. குருநகர்ப் பக்கம் கடனீரேரி கிட்டத்தான். ஆனால் மாரி பெய்தால் உப்புக் குறையும், கோடையில் ஏறும். அந்தத் தண்ணீர் ஐயாவுக்கு ஆகாது. வடக்குக் கரைக்குப் போய்த் திறந்த கடலில்தான் எடுப்பார். ஆடி அமாவாசைக்குச் சனம் கீரிமலையில் பிதிர்க்கடன் செய்ய, இவர் கேணியின் நன்னீர் கலக்காத இடமாய்ப் பார்த்து இருபது லீற்றர்க் கான் இரண்டை நிரப்பிக்கொண்டு நிற்பார். யாழ்ப்பாண வெக்கையில் தொட்டித் தண்ணீர் வற்றும்; வற்றுவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேதான் நிற்கும். ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீர்தான் விடவேண்டும். கிணற்றுத் தண்ணீர் விடலாமென்றால், வெங்காயத் தோட்டத்துக்குப் போட்ட உரமெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் இறங்கிக் கிணற்றில் நைத்திரேற்றாக நிற்கிறது. தொட்டியில் பாசி வெங்காயத்தை விடச் செழிப்பாக வளரும். பீலியில் பிடித்த மழைத்தண்ணீர்தான் கதி.

2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கொழும்பில் இருந்த தொட்டிக்காரர்கள் தலையில் கைவைத்தார்கள். ஐயா அசையவில்லை. தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டுச் செய்தி அறிந்த சந்ததி. பற்றரியில் ஓடுகிற காற்றுப் பம்பு ஒன்றை மாட்டிவிட்டு, "பதின்மூண்டு மணித்தியாலம்தானே" என்றார்.

எல்லாம் சரி, தொட்டிக்குள் கல் எங்கிருந்து வந்தது? உயிருள்ள முருகைக்கல்லைக் கடலிலிருந்து உடைத்தெடுப்பது சட்டப்படி குற்றம். ஐயா அரசாங்கச் சம்பளம் வாங்கியவர், செய்யமாட்டார். ஆனால் செத்த முருகைக்கல்லுக்கு யாழ்ப்பாணத்தில் பஞ்சமில்லை. ஒல்லாந்தர் கோட்டைக்கே அதைத்தான் வைத்துக் கட்டினார்கள். பழைய மதில்கள் பலவும் அதுதான். ஐயாவுக்கும் அயல்வீட்டுக்காரருக்கும் நடுவிலும் அப்படி ஒரு மதில் இருந்தது. 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் அது சரிந்தது. மதில் யாருடைய காணியில் நின்றது என்பதில் வழக்கு. கடைசியில் ஆளுக்கொரு வேலி போட்டார்கள். இரண்டு வேலிக்கும் நடுவே ஒன்றரை அடி நிலம், அதில் கல்லுக் குவியல். பேச்சுவார்த்தை கிடையாது.

அந்தக் குவியலில் இருந்துதான் ஐயா ஓர் இரவு டோர்ச் அடித்துப் பார்த்துப் பொந்துள்ள கற்களாகத் தெரிந்தெடுத்தார். சாந்தைச் சுரண்டி, மாதக்கணக்கில் ஊறப்போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றிச் சுத்தம் செய்தார். இப்போது அவற்றில் கருநீலப் பாசி படர்ந்து, கோபியும் இறாலும் அடியில் வளை தோண்டி, பார்க்க அசல் முருகைப்பார் மாதிரியே இருக்கும்.

செய்தி எப்படியோ வேலி தாண்டிவிட்டது. ஒரு பின்னேரம் அயல்வீட்டுக்காரர் படலையைத் திறந்துகொண்டு நேரே விறாந்தைக்கு வந்தார். வணக்கம் சொல்லவில்லை. தொட்டியின் முன்னால் குனிந்து, ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார்.

"இதிலை பாதி என்ரை."

காணிக் கந்தோரில் பழுத்தவருக்குப் பதில் வரவில்லை. பிரிபடாத பங்கு, வழக்கு இன்னும் தீராத மதில். சட்டம் அவருக்குத் தெரியும் என்பதுதான் தொல்லை. இருவரும் நின்று பார்த்து, நடுக்கல்லை எல்லையாக வைத்து, வடக்குப் பக்கம் அயலவருக்கு என்று வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டார்கள். கோபியின் வளை வாசல் தெற்கே, சமையலறை வடக்கே என்று ஒரு சிக்கல் வந்தது. அதைப் பாதை உரிமையாக விட்டுவிட்டார்கள். அடுப்படியிலிருந்து இரண்டு தேத்தண்ணி வந்தது.

அதன்பிறகு அயலவர் பின்னேரம் தவறாமல் வரத் தொடங்கினார். கதிரையும் வடக்குப் பக்கம்தான் போடுவார். தன் பங்கு வெறுமையாகக் கிடக்கிறது என்று இரண்டொரு தரம் குறைப்பட்டார். போன கிழமை வரும்போது கையில் ஒரு வாளி.

"உதென்ன?" என்று ஐயா எட்டிப் பார்த்தார். அடியில் விரல் நீளத்தில், புள்ளி புள்ளியாக, மிக வடிவான ஒரு கலவாய்க் குஞ்சு. குருநகரில் வாங்கியதாம்.

"ஐயோ, உதை விடேலாது! எல்லாத்தையும் விழுங்கிப்போடும்!"

"என்ரை பங்கிலை," என்றார் அயலவர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "நான் ஆரையும் குடிவைப்பன்."