வெட்டுப்புள்ளிக்கு மேலே

நெடுந்தீவில் ஒரு பிள்ளை ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் ஊரே குதூகலிக்கும். பதாகை, மாலை, அதிபர் உரை, கனடாப் பழைய மாணவர்களின் சைக்கிள். பிறகு பிள்ளையைக் குறிகட்டுவானுக்குப் படகேற்றி யாழ் இந்துவுக்கோ வேம்படிக்கோ அனுப்பிவிடுவோம். கெட்டிக்காரப் பிள்ளையை இழந்த பாடசாலைதான் பட்டாசும் கொளுத்துகிறது!

நல்ல படிப்பு கிராமத்துக்கும் வரட்டும் என்றுதான் 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கரா மத்திய கல்லூரிகளைத் திறந்தார். தீவகத்திலேயே, வேலணையில் ஒன்று இருக்கிறது. பெற்றோரின் கண்ணோ பண்ணைப் பாலத்துக்கு அப்பால், யாழ் நகரில்.

எட்டு வருடம் கழித்து அதே பிள்ளைக்கு மருத்துவபீடம் கிடைத்தால் பட்டணத்துக் கல்லூரி ஒரு பதாகை கட்டும், ரியூட்டரிகள் மூன்று கட்டும். தீவுப் பள்ளிக்கூடமும் விடாது: ‘எமது முன்னாள் மாணவர்’. தீவுக்கு வைத்தியராக வரச்சொல்லி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கடல் கொந்தளிக்குமாம்.