‘அதோ’: பறவை காட்டுதல் குறித்து ஓர் ஆராய்ச்சி

தமிழில் சுட்டெழுத்து மூன்று: அ, இ, உ. தூரத்துக்கு அ, பக்கத்துக்கு இ, இரண்டுக்கும் நடுவில் இருப்பதற்கு உ. தொல்காப்பியர் சொன்னார், நன்னூலார் வழிமொழிந்தார், எட்டாம் வகுப்பில் எங்கள் தமிழய்யா பிரம்போடு வந்து உறுதிப்படுத்தினார். இந்த மூன்றை வைத்துக்கொண்டு உலகத்தில் எதை வேண்டுமானாலும் சுட்டிவிடலாம் என்று நாற்பது வயதுவரை நம்பியிருந்தேன். அதன்பிறகு பறவை பார்க்கப் போனேன்.

பறவையைப் பார்ப்பது பற்றி நூல்கள் உள. பார்த்த பறவையை அடுத்தவருக்குக் காட்டுவது பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை. கருப்பொருள் வரிசையில் ‘புள்’ளைச் சேர்த்த தொல்காப்பியரே, அது எந்தக் கிளையில் என்று தலைவி தோழிக்கு எப்படிக் காட்டினாள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941இல் வந்தது. அதில் பறவைகள் பக்கத்துக்குப் பக்கம் ஆடாமல் அசையாமல் நிற்கின்றன. க. ரத்னம் தமிழில் வழங்கும் பறவைப் பெயர்களைத் திரட்டித் தந்தார். பெயர் தெரிந்தால் பறவை தெரியும் என்று இல்லை. பல சமயம் பெயர் மட்டுமே தெரிகிறது. இந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

முதலில் சொல் விளக்கம். பறவையைக் கண்டுவிட்டவர் சுட்டுநர். இன்னும் காணாதவர் தேடுநர். பறவை, சுட்டுப்பொருள். சுட்டுநர் ஒருவர், தேடுநர் எட்டுப் பேர், சுட்டுப்பொருள் கிளம்பத் தயாராக இருக்கிறது. இதுவே இயல்பு நிலை. ஆய்வுக்களம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழு: ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் ஒருவர் (அவரே பெரும்பாலும் சுட்டுநர்), கல்லூரிப் பையன்கள் இருவர், ஒரு பல் டாக்டர் அம்மா, அவர் மகள், நான், இன்னும் சிலர். கழுத்தில் பைனாக்குலர், பையில் காபி ஃபிளாஸ்க், விடிகாலை ஐந்து மணி வேன்.

வரலாற்றுப் பின்னணி சிறிது தேவை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பறவையியலாருக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அவர்கள் சுட்டிக் காட்டவில்லை, சுட்டுக் காட்டினார்கள். சென்னைப் படையில் டாக்டராக இருந்த ஜெர்டனும் சிவில் அதிகாரியான ஹியூமும் பறவையைத் துப்பாக்கியால் கீழே இறக்கி, பாடம் பண்ணி, பெட்டியில் அடுக்கி, சாவகாசமாக ஆராய்ந்தார்கள். ஹியூமின் சேகரிப்பு 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனபோது தோல்கள் மட்டும் அறுபதாயிரத்துக்கு மேல். அதே ஆண்டுதான் அவர் காங்கிரஸ் தொடங்கவும் காரணமாக இருந்தார். அந்த அறுபதாயிரத்தில் ஒன்றுகூட யாரையும் ‘எங்க, எங்க’ என்று கேட்க வைத்திருக்காது. சுட்டி, சுட்டு என்ற இரண்டு எச்சங்களுக்கும் நடுவே கடைசி உயிர் ஒன்றுதான் வேறுபாடு. அந்த ஓர் இகரத்துக்காக ஓர் ஊரே முறையிட்டிருக்கிறது. வேடன் தங்கிய இடம் என்று பெயர் வாங்கிய வேடந்தாங்கலில், ஏரிப் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று ஊரார் போய் நிற்க, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்புக்கு எழுத்து கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரம் என்பது அவர்கள் அனுபவம். இகரம் வென்றது. எங்கள் பாடு தொடங்கியது.

கருவிகளைப் பார்ப்போம். முதற்கருவி ஆள்காட்டி விரல். இதன் கோளாறு யாருக்கும் தெரிவதில்லை. சுட்டுநர் தன் கண்ணிலிருந்து விரல்நுனி வழியாகப் பறவைக்கு ஒரு கோடு போடுகிறார். பக்கத்தில் நிற்கும் தேடுநரோ அவர் தோளிலிருந்து கை நீளும் போக்கில் வேறொரு கோடு போடுகிறார். இரண்டு கோடுகளும் வேறு வேறு மரங்களுக்குப் போய்ச் சேர்கின்றன. ஆகவே ‘என் விரலைப் பாருங்க’ என்பது பயனற்ற வாக்கியம். தேடுநர் விரலைத்தான் பார்க்கிறார், மோதிரம் நன்றாக இருக்கிறது.

இரண்டாவது கருவி பைனாக்குலர். எங்களிடம் இருப்பது எட்டுக்கு நாற்பத்திரண்டு: எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். ஆயிரம் மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 130 மீட்டர் அகலம் இதற்குள் அடங்கும். முப்பது மீட்டரில் உள்ள மரம் என்றால் நாலு மீட்டர். அதாவது, மரத்தைக் கண்டுபிடித்து மகிழ்ச்சியோடு பைனாக்குலரைத் தூக்கியவுடன் மரம் காணாமல் போய், இலை மட்டும் மிஞ்சும். எந்த மரத்து இலை என்று கேட்கக் கூடாது.

மூன்றாவது, கடிகார முறை. மரத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ள வேண்டும். உச்சி பன்னிரண்டு, அடி ஆறு. மேனேஜர் இதை அறிமுகப்படுத்திய நாளில் நடந்ததை அப்படியே தருகிறேன்.

“ரெண்டு மணில இருக்கு, பாருங்க.”

“ரெண்டு மணிக்கா? அப்ப சாப்பிட்டுட்டே வந்திரலாம் சார்.”

பச்சை லேசர் என்று நான்காவது கருவி ஒன்றும் உண்டு. பறவையின் கண்ணைக் கெடுக்கும் அதை இக்கட்டுரை ஆய்வுக்குக்கூட எடுத்துக்கொள்ளாது.

கருவி எதுவானாலும், நிலம் மாறினால் இலக்கணம் மாறும். புல்வெளி, சோலை, நீர்நிலை என மூவகை நிலத்திலும் சுட்டு தோற்கும் விதம் வெவ்வேறு.

நீலகிரி உச்சியில் ஊட்டியைச் சுற்றிய புல்வெளிகளைப் பார்த்த வெள்ளைக்காரர்களுக்குத் தங்கள் ஊர் மேட்டுநிலம் நினைவுக்கு வந்தது. வென்லாக் டவுன்ஸ் என்று கவர்னர் பெயரை வைத்துக் குதிரையேறி வேட்டையாடினார்கள். அங்கே வாழ்கிறது நீலகிரி நெட்டைக்காலி. தென்னகத்து மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. பழுப்பு உடம்பில் கறுப்புக் கீற்று, அதாவது காய்ந்த புல்லின் நிறம். இதைக் காட்ட ஒரே வழி, ‘அந்தப் புல்லுக்குப் பக்கத்துல இருக்கற புல்லு’ என்பதுதான். சரிவில் ஒற்றைச் சீகை மரம் நின்றால் பிழைத்தோம்: ‘சீகைக்குக் கீழ, ரெண்டு ஆள் தூரம்.’ சீகையோ ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது. புல்வெளியைத் தின்று பரவுகிறது. புல்வெளியை மீட்க அதை வெட்டுகிறார்கள். வெட்டத்தான் வேண்டும். வெட்டிய இடத்தில் நெட்டைக்காலி திரும்ப வரும், நாம் அதை யாருக்கும் காட்ட முடியாது.

புல்வெளியில் அடையாளம் இல்லை என்பது குறை. சோலையில் அடையாளம் தவிர வேறொன்றும் இல்லை என்பது குறை. மலை மடிப்பில் குட்டை மரங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எல்லாக் கிளையும் பாசி போர்த்தியிருக்கும், எல்லாக் கிளையும் கோணல். உள்ளேயிருந்து நீலகிரி சிரிப்பான்கள் கூட்டமாகச் சிரிக்கும். இங்கே சுட்டு, தொடராக நீளும். ஒருமுறை கடிகாரம் பிடித்து அளந்தேன். ஈப்பிடிப்பான் ஒன்றுக்காக மேனேஜர் சொன்னது இது:

“நேரா ஒரு மரம் தெரியுதா? அது இல்ல, அதுக்குப் பின்னாடி. ஒரு கவட்டை வருதா? கவட்டைல வலது கிளை. அது மறுபடி பிரியுது. அதுல மொட்டையா ஒரு குச்சி. குச்சிக்கு மேல வெயில் விழுதில்ல, அந்த வெயில்ல… இருந்துச்சு.”

ஐம்பது வினாடி. ஈப்பிடிப்பான் ஒரே குச்சியில் ஐம்பது வினாடி உட்கார்ந்தால் அது எதைப் பிடித்துச் சாப்பிடும்? வாக்கியத்தின் கடைசியில் நிகழ்காலம் இறந்தகாலமாக மாறுவதைக் கவனிக்க. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதன் விளைவு இது என்று சிலர் கூறுவர். அற்றன்று. வினையை முன்னால் போட்டு, ‘இருக்கு! அந்த மரத்துல!’ என்று சொல்லிப் பார்த்தோம். எல்லோரும் அந்த மரத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது பறந்தது.

உகரச் சுட்டையும் சோதித்தோம். தமிழ்நாட்டுப் பேச்சில் அது செத்துப் பல காலம் ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் இன்னும் நடமாடுகிறது. அங்கிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அக்கா ஒருநாள் எங்களோடு சோலைக்கு வந்தார். தூரத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில், மிகச் சரியான இடைமைத் தூரத்தில், பூங்குருவி ஒன்று வந்து உட்கார்ந்தது. “உந்தக் கொப்பிலை, உங்கை பாருங்கோ!” என்றார் அக்கா. இரண்டாயிரம் ஆண்டு இலக்கணம் உயிரோடு ஒலித்த அந்தக் கணத்தில் நாங்கள் எட்டுப் பேரும் பறவையை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தோம்.

நீர்நிலைக்கு வருவோம். இங்கே பறவை தெரியாமல் போவதில்லை. வேண்டாத பறவைகள் ஆயிரக்கணக்கில் தெரிகின்றன. வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரையையும் கூழைக்கடாவையும் சுட்டவே தேவையில்லை, மரமே அவற்றால் ஆனது. பள்ளிக்கரணையில்தான் தகராறு. ‘அந்த வாத்துக்கு வலப்பக்கம்’ என்றால் அந்த வாத்து நீந்திப் போய்விடுகிறது. நாமக்கோழியை அடையாளம் வைத்து ஊசிவால் வாத்தைக் காட்டி, நாமக்கோழி நகர்ந்ததால் பாதிப் பேர் வேறொரு வாத்தைப் பார்த்துப் பரவசப்பட்டதும் உண்டு. முக்குளிப்பான் இன்னும் மோசம். ‘அதோ’வில் அகரம் ஒலிக்கும்போது மேலே இருக்கும், ஓகாரத்தில் முங்கிவிடும், எழுவது எங்கே என்று அதற்கே தெரியுமோ என்னவோ.

ஆனால் பள்ளிக்கரணையில் ஒரு வசதி. ‘மூணாவது ஐடி பில்டிங், அதுக்கு நேர் கீழ, தண்ணி முடியற இடத்துல’ என்றால் ஒரே நொடியில் ஒன்பது பேரும் பார்த்துவிடுகிறோம். இத்தனை துல்லியமான சுட்டு வேறெந்த நிலத்திலும் அமைந்ததில்லை. 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த சதுப்பு நிலத்தைச் சுற்றிக் கட்டடம் எழுந்துகொண்டே போகிறது. சுட்டு நாளுக்கு நாள் துல்லியமாகிறது. கூடிய சீக்கிரம் எல்லா இடத்தையும் பிசகின்றிக் காட்ட முடியும், காட்டுவதற்குத்தான் ஏதாவது இருக்க வேண்டும்.

இனி ஆய்வின் மையப் பகுதி. சுட்டு தோற்றபின் என்ன நடக்கிறது? தேடுநர் முதல்முறை ‘எங்க?’ என்கிறார். இரண்டாம் முறை ‘எந்த மரம்?’ மூன்றாம் முறை கேட்பதில்லை. சுட்டுநரின் கை வலிக்கிறது, பின்னால் ஆள் நிற்கிறது, தன் ஒருவனுக்குத்தான் தெரியவில்லையோ என்ற கூச்சம். அப்போது பிறக்கிறது அந்தச் சொல்: ‘ஆங், தெரியுது.’

இச்சொல்லில் வகைகள் உண்டு. வெறும் ஆங். தலையாட்டலோடு கூடிய ஆங். சுட்டுநர் சொன்ன அடையாளத்தையே திருப்பிச் சொல்லும் ஆங்: ‘ஆங், மொட்டைக் குச்சிக்கு மேல, சூப்பரா இருக்கு.’ தொலைநோக்கி வரிசையில் நாலாவதாக நிற்பவர் குனிந்து, பறவை போன பிறகு வெறும் சேற்றை அரை நிமிடம் பார்த்துவிட்டுச் சொல்லும் ஆங்தான் இவற்றில் உயர்ந்தது. இது பொய்யா எனின், வள்ளுவர் வழிநின்று, யாருக்கும் தீமை தராததால் வாய்மையின் பாற்படும் எனலாம். பட்டியலில் எழுதிக்கொள்ளும்போதுதான் சற்று இடிக்கிறது. என் பட்டியலில் உள்ள நீலகிரி நெட்டைக்காலி ஒரு புல். அதைத் தணிக்கைக்கு உட்படுத்த நான் உடன்பட மாட்டேன்.

கடைசியாக ஒரு களக்குறிப்பு. போன மார்ச்சில் செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரைப் புதர்க்காடு ஒன்றில் ஒற்றையடிப் பாதையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் போன மேனேஜர் சட்டென்று நின்று, “பக்கி!” என்று கிசுகிசுத்தார். இரவில் பூச்சி பிடித்துவிட்டுப் பகலெல்லாம் தரையில் சருகாகக் கிடக்கும் பறவைக்குத் தமிழில் அதுதான் பெயர். புதிதாக வந்திருந்த ஒருவர், தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து முகம் கறுத்துப் பின்னால் போய்விட்டார். பாதை குறுகல், எல்லோரும் முன்னால் போக முடியாது. அடையாளம் வாய் மாறி வாய் மாறி வரிசையில் இறங்கி வந்தது. காரைச் செடி, அடியில் இரண்டு கல், நடுவில் சருகு, சருகின் மேல் சருகு. நான் பார்த்தேன். காரைச் செடி இருந்தது, கல் இருந்தது, சருகு ஏராளமாக இருந்தது.

“ஆங், தெரியுது,” என்றேன்.

எனக்குப் பின்னால் டாக்டரம்மாவின் மகள். ஒன்பது வயது, பைனாக்குலர் கிடையாது. “எங்க அங்கிள்?” என்றாள். எனக்கு வந்ததை ஒரு சொல் குறையாமல் அவளுக்குத் தந்தேன்: காரைச் செடி, இரண்டு கல், சருகின் மேல் சருகு. அவள் என் முழங்கைக்கு அடியில் தலையை நுழைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ம், தெரியுது அங்கிள்.”

எனக்கு அவள்மேல் ஒரு வாஞ்சை வந்தது. இவ்வளவு சின்ன வயதில் துறையின் நுட்பம் பிடிபட்டுவிட்டதே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்:

“ஒண்ணு இல்ல அங்கிள். வயித்துக்கு அடியில இருந்து குட்டியா ஒண்ணு எட்டிப் பாக்குது.”

செய்தி வரிசையில் முன்னோக்கி ஏறிப் போனது. மேனேஜர் பார்த்தார், கையைப் பின்னால் அசைத்தார். குஞ்சு இருக்கும் இடத்தில் நிற்கக் கூடாது. ஒன்பது பேரும் சத்தமில்லாமல், வந்த வழியே பின்காலாக நகர்ந்தோம். ஏரிக்கரை ஏறியதும் மேனேஜர் என் தோளைத் தட்டினார்.

“நான் முன்னாடி நின்னும் குஞ்சைக் கவனிக்கல. நீங்க பாத்தீங்களா சார்?”

“ஆங்,” என்றேன்.